அடுப்புக்கும் நாலு நாள் லீவு!

மே மாதம் பிறந்துவிட்டால், யார் வீட்டில் பிரயாணம் என்று முத்தாபுதுப்பேட்டையில் ஒருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. புளிக்காய்ச்சல் கொதிக்கிற மணமே தெருக்கோடி வரையில் போய்ச் சொல்லிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் வாசலில் நாலு பெட்டி, இரண்டு பை, ஒரு பெரிய அடுக்குத் தூக்கு!

ஆவடியை அடுத்து, விமானப் படை நிலையத்தை ஒட்டி வளர்ந்த ஊர் இது. பக்கத்திலேயே டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது; படைவீரர்களுக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். லீவு என்பதன் அருமை தெரிந்தவர்கள். பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து குடியிருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, நாமும் நாலு ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை உடையவர்கள். அந்த ஆசை நல்ல ஆசைதான். ஆனால் புறப்படுவதற்கு முந்தின இரவு இந்த வீடுகளில் நடக்கும் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள்:

"என்னங்க, தயிர் சாதத்துக்குப் பாலை ஊத்திப் பிசையட்டுமா? வெயில் காலம், சீக்கிரம் புளிச்சுடும்."

"பால் ஊத்தியே பிசைஞ்சுடு. அப்படியே இருபது சப்பாத்தியும் போட்டுடு. மூணு நாளைக்கு வெளியிலே கை நனைக்க வேண்டாம் பாரு."

சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொள்கிறார். மணி பதினொன்று. அந்த அம்மாள் மாவு பிசைய ஆரம்பிக்கிறாள். லீவு யாருக்கு என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இருவர் பிரயாணம், ஒருவர் லீவு

கணவனும் மனைவியும் விடுமுறைக்குப் புறப்படுகிறார்கள் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் அநேக வீடுகளில் விடுமுறை ஒருவருக்குத்தான். மற்றவருக்கு வேலை இடம் மாறுகிறதே தவிர வேலை மாறுவதில்லை. வீட்டில் நின்றுகொண்டு பரிமாறியவள் ரெயிலில் உட்கார்ந்துகொண்டு பரிமாறுகிறாள். ஊர் போய்ச் சேர்ந்ததும், தங்கின அறையில் மின்சார அடுப்பை வைத்து அரிசியைக் களைகிறாள். கணவரும் பிள்ளைகளும் அருவியைப் பார்த்துவிட்டு வரும்போது ரசம் தயாராக இருக்கிறது. அருவி எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்!

வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆபீஸ் லீவு கொடுக்கும், அடுப்பு கொடுக்காது.

இது வெறும் அனுதாபப் பேச்சல்ல. மத்திய சர்க்காரே கணக்கெடுத்திருக்கிறது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2024-ம் ஆண்டில் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகத் தினம் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலையில் ஈடுபடுகிறவர்கள் செலவிடுவது 88 நிமிஷம். 2019-ல் எடுத்த கணக்கில் இது 299 நிமிஷமாகவும் 97 நிமிஷமாகவும் இருந்தது. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது. ஆண்களும் விட்டுக்கொடுக்கவில்லை, அவர்களும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டார்கள்!

289 நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிஷம் குறைவு. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாள் என்று கொண்டால், வருஷத்தில் 220 நாள் வேலையாகிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பண்டிகை நாள் கிடையாது. பண்டிகை என்றால் வேலை இரட்டிப்பு. இத்தனை வேலை செய்கிறவளுக்கு வருஷத்தில் நாலு நாள் அடுப்பிலிருந்து விடுதலை கொடுப்பது சலுகையா, நியாயமா என்று வாசகர்களே சொல்லட்டும்.

பாணன் போன பாதை

"வெளியூர் போனாலும் வீட்டுச் சாப்பாடுதான் நம் வழக்கம்" என்று சிலர் பெருமையாகச் சொல்லுவார்கள். பழந்தமிழர் வழக்கம் அப்படி இருக்கவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். நல்லூர் நத்தத்தனார் பாடியது. வறுமையால் வாடும் பாணன் தன் சுற்றத்தோடும் விறலியரோடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காணப் போகிறான். நடந்து களைத்த விறலியரின் பாதங்களை உடன் வந்த இளைஞர்கள் மெல்ல வருடிவிடுகிறார்கள். வழி தெரிந்த இன்னொரு பாணன், எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்பதோடு, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் விவரமாகச் சொல்லுகிறான்.

கடற்கரைப் பட்டினமான எயிற்பட்டினத்தில் பரதவர் தருவது சுட்ட குழல்மீன். வேடர் வாழும் வேலூரில் எயிற்றியர் சமைத்த சுடச்சுடப் புளிச்சோறும், சுட்ட இறைச்சியும். மருத நிலத்து ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கறியும். கடைசியில் அரண்மனைக்குப் போனால், வீமன் செய்த சமையல் நூல் முறைப்படி ஆக்கிய பலவகை உணவு. அரசன் தானே பக்கத்தில் நின்று உண்ணச் செய்வான் என்கிறார் புலவர்.

கவனித்தீர்களா? புளிச்சோறு அந்தப் பிரயாணத்திலும் இருக்கிறது. ஆனால் விறலி முந்தின இரவு கண் விழித்துக் கட்டிக்கொண்டு போனதல்ல. போகிற ஊரில் அந்த ஊர்ப் பெண்கள் ஆக்கிக் கொடுத்தது. அதே பாட்டிலேதான், வீட்டில் இருந்த நாளில் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு உண்ட வறுமையும் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவர்கள், ஊர் ஊராக உட்கார்ந்து உபசாரம் பெறுகிறார்கள். பிரயாணத்தின் பலன் அதுதானே?

டீக்கடைத் தம்பதியின் உலகம்

அது பழங்காலம், அரசன் செலவில் சாப்பிட்டார்கள். இந்தக் காலத்தில் சொந்தக் காசில் யாரால் முடியும் என்று கேட்கலாம். முடித்துக் காட்டிய தம்பதி நம் அண்டை மாநிலத்திலேயே இருந்தார்கள்.

கொச்சியில், காந்தி நகர்ப் பகுதியில், 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சிறு டீக்கடை. நடத்தியவர்கள் விஜயனும் அவர் மனைவி மோகனாவும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் சேமிப்புப் போய்விடும் என்று, டீ போடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை இருவருமே செய்தார்கள். தினம் 300 ரூபாயை உலகப் பிரயாணத்துக்கென்று தனியே எடுத்து வைத்தார்கள். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்து 9 ஆயிரத்து 500 ரூபாய். போதாத தொகைக்குக் கடன் வாங்குவார்கள். போய்வந்து, டீ விற்றே அந்தக் கடனை அடைப்பார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த நாட்டுக்குக் கடன்!

2007-ல் தொடங்கிய அந்தத் தம்பதியின் வெளிநாட்டுப் பிரயாணம் எகிப்து, பிரிட்டன், அமெரிக்கா என்று நீண்டது. 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவின் உதவியோடு ஆஸ்திரேலியாவும் நியூஜிலாந்தும் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் போன ருஷ்யா 26-வது நாடு. அதுவே இருவரும் சேர்ந்து போன கடைசிப் பயணமாயிற்று. அடுத்த மாதமே, நவம்பர் 19-ம் தேதி, விஜயன் மாரடைப்பால் காலமானார்.

இவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியபோதெல்லாம் பணத்தைப் பற்றியும் நாடுகளின் எண்ணிக்கையைப் பற்றியுமே அதிகம் எழுதின. நமக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. விடிந்தது முதல் பிறருக்கு டீ போட்டுக் கொடுத்துப் பலகாரம் செய்து கொடுத்தே வாழ்ந்த ஒரு பெண்மணி, 26 நாடுகளில் பிறர் செய்து கொடுத்ததைச் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்தாள். கணவர் போய் வந்து கதை சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கடையை மூடினால் இருவருக்கும் சேர்த்தே மூடினார்கள். நம் வீடுகளில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பாடம்.

ரெயில் பாதையே விருந்துப் பந்தி

26 நாடு வேண்டாம். ஒரே ரெயில் பாதை போதும். முத்தாபுதுப்பேட்டைத் தம்பதி ஒருவர் ஆறு நாள் லீவில் கன்னியாகுமரி வரையில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு வண்டியில் ஏறினால் நாம் சொல்லப் போகும் ஊர்களெல்லாம் தூக்கத்திலேயே போய்விடும். குருவாயூர் வண்டி மாதிரி பகலில் ஓடும் வண்டியில் ஏறி, இரண்டு மூன்று ஊரில் இறங்கித் தங்கிப் போவதே நல்லது.

திருச்சி தாண்டியதும் மணப்பாறை. இந்த ஊர் முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்த் தண்ணீரில் இருக்கும் இலேசான உப்புத்தான் ருசிக்குக் காரணம் என்பார்கள். ஒரு தடவை பாதி வேகவைத்து எடுத்து, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுப்பது தொழில் இரகசியம். அடுத்தது திண்டுக்கல். அசைவம் சாப்பிடுகிறவர்கள் சீரகச் சம்பா அரிசி பிரியாணிக்காக இறங்காமல் போக மாட்டார்கள்.

மதுரையில் ஓர் இரவாவது தங்க வேண்டும். ஊர் உறங்காத ஊர். இரவு வெகு நேரம் வரையில் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். பகல் வெயிலுக்குப் பாதாம் பிசின், பால், நன்னாரிச் சர்பத்து, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்த ஜிகர்தண்டா. மாலையில் பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய பருத்திப்பால். வாங்கிக் குடிக்கும்போது, இதை வீட்டில் செய்ய எத்தனை நேரமாகும் என்று அந்த அம்மாள் மனக்கணக்குப் போடுவாள். போடட்டும்; செய்ய வேண்டியதில்லை என்ற நினைப்பே தனி ருசி.

விருதுநகரில் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பரோட்டா. அங்கிருந்து தென்காசிப் பாதையில் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. 2019-ல் குறியீடு பெற்றது. நேரே போனால் சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும். அடுத்தது கோவில்பட்டி. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்த கடலை மிட்டாய்க்கு 2020-ல் குறியீடு வந்தது. மழையை நம்பிய மானாவாரிப் பூமியில் என்ன விளையுமோ அதைக் கொண்டே ஓர் ஊர் பெயர் வாங்கியிருக்கிறது. வாயில் போட்டுக் கடிக்கும்போது அந்த மண்ணையும் ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பாருங்கள். பாட புத்தகத்தில் படித்த பூகோளம் அப்போதுதான் விளங்கும்.

திருநெல்வேலிக்கு வந்தால் அல்வா. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலைச் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. நெல்லையப்பர் கோவில் எதிரே உள்ள இருட்டுக்கடையில் சாயங்காலம் கூடும் கூட்டமே ஒரு காட்சி. அல்வாவோடு நின்றுவிடாமல், தேங்காய்ப் பாலில் செய்த சொதியையும் விசாரித்துச் சாப்பிட வேண்டும். இந்தச் சீமையில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தென்றால் சொதிதான். குமரிக்கரையில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். மீன் வேண்டாதவர்களுக்கு மணக்கும் மட்டிப் பழம், ஏத்தங்காய் வறுவல்.

ஒரே தமிழ்நாடு, ஒரே ரெயில் பாதை. இத்தனை நாக்குகள்! பெட்டியைத் திறந்து மூன்று நாள் புளியோதரையையே சாப்பிட்டுக்கொண்டு இந்தப் பாதையைக் கடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி வருவதற்குச் சமானம். வடக்கே காசி, டில்லி என்று போகிறவர்களுக்கும் இதுவேதான். சமையற்காரரையும் சாம்பார்ப் பொடியையும் கூடவே கூட்டிப் போகும் யாத்திரைக் கோஷ்டிகள் உண்டு. காலையில் காசித் தெருவில் பொரியும் கசௌரியை ஒரு நாளாவது தின்று பார்த்தால் விசுவநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தடைகள் என்னென்ன?

கட்டுச்சோற்றை நாம் பழிக்கவில்லை. மாட்டு வண்டியில் போன காலத்தில், வழியில் ஓட்டல் இல்லாத காலத்தில், அது உயிர் காத்தது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், பத்தியம் இருக்கும் முதியவர்களுக்கும் இன்றும் அது தேவை. நீரிழிவுக்காரர் அல்வாக் கடையில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கையில் ஒரு வேளைச் சாப்பாடு இருப்பது யாருக்கும் புத்திசாலித்தனமே. மூன்று நாள் சாப்பாட்டைக் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

இன்னொரு தடையும் நம் நாட்டில் இருந்தது. 'யார் கையால் சமைத்ததோ' என்ற எண்ணம். தென்னிந்திய ரெயில்வே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே ஒரு காலத்தில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியார் முதலானோரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் அது ஒழிந்தது. இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்கிறோம். மனத்தின் மூலையில் அந்தப் பழைய எண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தால், அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

வயிற்றுக்கு ஆகுமா என்ற பயம் நியாயமானது. அதற்கு வழியும் உண்டு. கூட்டம் உள்ள கடையில் சாப்பிடுங்கள். அங்கே பண்டம் தேங்காது. கண்ணெதிரே கொதிக்கும் பண்டத்தையும், தோல் உரித்துச் சாப்பிடும் பழத்தையும் நம்பலாம். நறுக்கித் திறந்து வைத்த பழத்தை நம்ப வேண்டாம். தண்ணீர் காய்ச்சியதாகவோ மூடி முத்திரையிட்டதாகவோ இருக்கட்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். அது கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, பேதி கண்டவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

பணம்? மத்திய சர்க்காரின் சிவில் ஊழியர்களுக்கு நான்கு ஆண்டுக் கட்டத்தில் ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வரப் பயணச் சலுகை உண்டு. அதில் கிடைப்பது டிக்கெட் பணந்தான். சாப்பாடும் தங்கும் செலவும் நம்முடையது. ஆனால் அந்தப் பிரயாணத்தின்போது 10 நாள் ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்ள விதி இருக்கிறது. அந்தப் பணம் வந்தவுடன் வேறு செலவில் கரைந்துவிடாமல், இதற்கென்றே வைக்கலாம். சலுகை இல்லாதவர்கள் கொச்சித் தம்பதியின் வழியைப் பிடிக்கலாம். நாளுக்கு 300 வேண்டாம். 30 ரூபாய் உண்டியலில் போட்டால் வருஷத்தில் 10,950 ரூபாய். உள்நாட்டில் நாலைந்து நாள் போய்வர இருவருக்கு அது நல்ல ஆரம்பம்.

யார் தீர்மானிப்பது?

ஆக, தடை சோற்றிலும் இல்லை, பணத்திலும் அவ்வளவாக இல்லை. எங்கே போவது, எதைச் சாப்பிடுவது, எத்தனை நாள் தங்குவது என்பதையெல்லாம் ஒருவரே தீர்மானித்துவிட்டு, மற்றவரிடம் 'பெட்டி கட்டு' என்று மட்டும் சொல்வதில்தான் இருக்கிறது.

ரெயில் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்னதாக இடம் பதிவு செய்யலாம். அந்த 60 நாளில் ஒரு நாள், சாப்பாடு முடிந்து நிதானமாக உட்கார்ந்திருக்கும் வேளையில், "உனக்கு எந்த ஊர் பார்க்கணும்னு ஆசை?" என்று கணவன்மார்கள் கேட்டுப் பார்க்கட்டும். பல வீடுகளில் இந்தக் கேள்வி முதல் தடவையாகக் கேட்கப்படுவதாக இருக்கும். பதில் உடனே வராது. "எனக்கென்ன, நீங்க சொல்ற இடந்தான்" என்பாள். இரண்டாம் தடவையும் கேளுங்கள். மூன்றாம் தடவை ஓர் ஊர் பெயர் வரும். சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டதாக இருக்கும். இத்தனை நாளாக மனத்திலேயே வைத்திருந்ததாக இருக்கும்.

அந்த ஊருக்கே டிக்கெட் எடுங்கள். புறப்படுவதற்கு முந்தின இரவு அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் சீக்கிரம் படுங்கள். போய் இறங்கியதும் முதல் வேளை அந்த அம்மாள் இலைக்கு முன்னால் உட்காரட்டும். வேறு யாராவது பரிமாறட்டும்.